அறுபத்துநாலு கட்டங்கள்

ரூபாய் நோட்டுக்கு அடுத்தபடியாக நம் ஊரில் அதிகம் கை மாறுவது எது? தங்கம் என்பீர்கள். இல்லை ஸார், ரவிக்கைத் துணி.

நவராத்திரி, கிரகப்பிரவேசம், வளைகாப்பு எதுவானாலும் சரி. வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஆறிப்போன சுண்டல் பொட்டலம், அதற்கடியில் 80 சென்டிமீட்டருக்கு மடித்து ஸ்டிக்கர் ஒட்டின ஒரு ஜாக்கெட் பிட். அதை யாராவது தைத்துப் போட்டுக்கொண்டதாகச் சரித்திரம் கிடையாது. எந்தப் புடவைக்கும் பொருந்தாத ஒரு நிறத்தைக் கண்டுபிடித்து நெய்கிறார்கள். அது நேராக பீரோவின் கீழ்த்தட்டுக்குப் போகும். அடுத்த வருஷம் வேறொரு பையில் ஏறும். நாலு வருஷம் கழித்து, ஊரெல்லாம் சுற்றிவிட்டு, ஓரத்தில் அதே எண்ணெய்க் கறையோடு நம் வீட்டுக்கே திரும்பி வந்து 'சௌக்கியமா?' என்று கேட்கும். அழுக்கு நோட்டையாவது ரிசர்வ் பாங்க் வாபஸ் வாங்கிக்கொள்கிறது. இதற்கு அந்த ஏற்பாடும் இல்லை.

எங்கள் வீட்டுக் கையிருப்பு, போன தை மாசக் கணக்குப்படி 43. கணக்கெடுத்தது என் மனைவி. 31 வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள். எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. மாடிப்படியைக்கூட எண்ணிக்கொண்டுதான் ஏறுவாள்.

"இத்தனையையும் என்ன பண்ணப் போறே?" என்றேன்.

"வெட்டப் போறேன்."

வாட்ஸப்பில் தையல் ஆசையுள்ள பெண்கள் 24 பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு 'கைமாற்று' நடத்துகிறார்களாம். கைமாற்று என்றதும் எனக்குக் கடன் ஞாபகம்தான் வந்தது. இது அது இல்லை. ஒவ்வொருத்தரும் தன் கையால் ஒரு சின்ன ஒட்டுத்துணி விரிப்பு தைக்க வேண்டும். இங்கிலீஷில் பேட்ச்வொர்க் கில்ட். சைஸ், பக்கத்துக்கு 2 அடி. பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்குவார்கள். உங்களுக்கு வந்த சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ, அவருக்கு உங்கள் விரிப்பு போக வேண்டும். உங்கள் பெயர் யாருக்கு வந்திருக்கிறது என்பது பார்சல் வந்து பிரிக்கிற வரை உங்களுக்குத் தெரியாது.

சட்டதிட்டங்கள் நாலே நாலு. கடையில் வாங்கினதை அனுப்பக் கூடாது. அளவு மாறக் கூடாது. சொன்ன தேதிக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். வந்தது எப்படி இருந்தாலும் முகம் சுளிக்கக் கூடாது.

"யாராவது வாங்கிக்கிட்டு அனுப்பாம ஏமாத்திட்டா?" சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவனுக்கு வேறு என்ன கேள்வி வரும்?

"அதுக்கும் ஆள் இருக்கு. ரெண்டு பேர் ஏஞ்சல்னு பேர் கொடுத்திருக்காங்க. யாருக்காவது பார்சல் வரலேன்னா, அவங்க இன்னொண்ணு தைச்சு அனுப்புவாங்க. அவங்களுக்குப் பதிலுக்கு ஒண்ணும் வராது."

ஏமாற்றுகிறவர்களும் இருப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்து, அதற்காக ஆட்டத்தையும் நிறுத்தாமல், ரெண்டு தேவதைகளை நியமித்து வைத்திருக்கிற ஏற்பாடு எனக்குப் பிடித்துப்போயிற்று. ஐந்தாண்டுத் திட்டங்களில்கூட இது இருந்ததில்லை.

யோசனை புதுசு இல்லை. அமெரிக்காவில் 1840-களிலேயே இதற்கு ஒரு மூதாதை உண்டு. சிநேகிதிகள் ஆளுக்கொரு துண்டு தைத்து, அதில் இங்க்கால் தங்கள் பெயரை எழுதி, எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து, கல்யாணமாகியோ பிழைப்புத் தேடியோ தூரதேசம் போகிறவளுக்குக் கொடுத்து அனுப்புவார்கள். பள்ளிக்கூடம் முடிகிறபோது ஆட்டோகிராப் வாங்குவோமே, அதையே போர்த்திக்கொண்டு தூங்குகிற மாதிரி.

கில்ட் என்றால் என்ன என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மூன்று அடுக்கு. மேலே ஒட்டுப்போட்ட துணி, நடுவில் பஞ்சோ வேறு ஏதோ, கீழே ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்து ஊசி ஏற்றி இறக்கி ஓட்டுத்தையல் போட்டால் கில்ட். இட்லியை நடுவில் வைத்துத் தைத்தாலும் தத்துவப்படி அது கில்ட்தான்.

"சென்னை வெயிலுக்கு யாரு இதைப் போர்த்திப்பாங்க?"

"பச்சைக்குழந்தையைப் படுக்க வைக்கலாம். மேஜை மேல விரிக்கலாம். சுவத்துல மாட்டலாம். நீங்க போர்த்திக்கப் போறதில்ல."

நம் தேசத்தில் பஞ்சே வேண்டாம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. வங்காளத்தில் காந்தா, மகாராஷ்டிரத்தில் கோதடி, கர்நாடகத்தில் கவுதி என்று ஊருக்கு ஒரு பெயர் வைத்துப் பழைய துணியை அடுக்கடுக்காக வைத்தே தைத்திருக்கிறார்கள். உத்தர கன்னட ஜில்லாவில், எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்துக் கிராமங்களில் சித்தி இன மக்கள் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் மேற்குக் கரைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம். அந்தப் பெண்கள் தைப்பதற்குப் பெயர் கவாந்தி. ஒரு மூலையில் ஆரம்பித்து, ஓரத்தோடு ஓரமாகச் சுற்றிச் சுற்றி வந்து, நடுமையத்தில் தையலை முடிப்பார்கள். நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூ மாதிரி வைப்பார்கள். அந்தப் பூ இல்லாவிட்டால் விரிப்பு முழுமை ஆகாது என்பது அவர்கள் கணக்கு.

என் மனைவியின் கணக்கு வேறு. 24 அங்குலத்தை 3 அங்குலக் கட்டங்களாகப் பிரித்தால் வரிசைக்கு 8. எட்டெட்டு 64. சதுரங்கப் பலகையும் அதுதான், ஆய கலைகளும் அதுதான். (வாத்ஸ்யாயனர் கொடுக்கிற 64 கலைப் பட்டியலில் ஊசி வேலையும் ஒன்று. அந்தப் புஸ்தகத்தை வேறு காரணங்களுக்காகப் புரட்டினவர்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.) சதுரங்கம் போலவே ஒரு கட்டம் பூப்போட்டது, ஒரு கட்டம் அடர்நிறம் என்று 32-க்கு 32.

"ஒவ்வொண்ணையும் மூணரை அங்குலத்துக்கு வெட்டணும். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள்ள போயிடும்" என்றாள். "கால் அங்குலம்னா ரெண்டு நூல்."

தச்சர்களும் டெய்லர்களும் சொல்கிற நூல் கணக்கு, அங்குலத்துக்கு எட்டு. அந்த ரெண்டு நூலில் அரை நூல் தவறினால் என்ன ஆகிவிடும் என்று அலட்சியமாகக் கேட்டேன். கரும்பலகை இல்லாத குறையாகப் பால்காரர் கணக்கு நோட்டின் பின்னட்டையில் போட்டுக் காட்டினாள். ஒரு தையலுக்கு இந்தப் பக்கத் துண்டில் அரை நூல், அந்தப் பக்கத் துண்டில் அரை நூல், ஆக ஒரு நூல் போச்சு. வரிசைக்கு 7 தையல். 7 நூல். கிட்டத்தட்ட ஒரு அங்குலமே காணாமல் போய்விடும். ஒரு வரிசையில் அப்படிப் போய், அடுத்த வரிசையில் போகாமல் இருந்தால், ரெண்டையும் சேர்க்கும்போது மூலைகள் ஒன்றை ஒன்று பார்க்காது. சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி நிற்கும்.

முதல் வேலை, துணியைத் தண்ணீரில் போட்டுச் சுருங்குகிற அளவுக்குச் சுருங்கவிட்டு, சாயம் போகிறதா என்று பார்ப்பது. ரெண்டாவது, பருத்தியா என்று பார்ப்பது. ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவித் தீக்குச்சியில் காட்ட வேண்டும். பருத்தியானால் காகிதம் கருகுகிற வாசனையோடு எரிந்து சாம்பல் உதிரும். பாலியெஸ்டரானால் உருகி, கடுகு மாதிரி முத்துக் கட்டிக்கொள்ளும். 43 ரவிக்கைத் துணிக்கும் பரீட்சை நடந்தது. பாஸானது 19. மற்ற 24 பேரும் இத்தனை வருஷமாக 'ப்யூர் காட்டன்' என்ற ஸ்டிக்கரோடு நம்மை ஏமாற்றி ஊர் சுற்றிக்கொண்டிருந்தவர்கள்.

19-ல் பூப்போட்டது, கோடு போட்டது எல்லாம் கிடைத்தது. அழுத்தமான நிறம் மட்டும் இல்லை. பூப்போட்ட 32 பக்கத்தில் நிற்பதற்கு ஒரு கனமான சிவப்பு வேண்டும் என்றாள். கடைக்குப் போகலாம் என்றேன். பதில் சொல்லாமல் பரண் பக்கம் பார்த்தாள்.

பரண் மேல் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. அதில் என் அம்மாவின் சுங்குடிப் புடவை ஒன்று. மதுரை சௌராஷ்டிரப் பெண்கள் நகத்தால் துணியைக் கிள்ளி, நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, முடிச்சை அவிழ்க்கிற இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி விழுகிற ஜாதி. ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. 2005-ல் புவிசார் குறியீடுகூடக் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுடையது அரக்குச் சிவப்பு. 2011-ல் அம்மா போனதிலிருந்து அது பாச்சா உருண்டைகளோடு பெட்டிக்குள் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து வெயிலில் காட்டி, மடிப்பை மாற்றி, திரும்ப வைப்போம். நாங்கள் செய்து வந்த மரியாதை அவ்வளவுதான்.

"நீங்க சரின்னாத்தான்" என்றாள் மனைவி.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள் மதுரையில் இருந்தாள். என் அக்கா. எப்படித்தான் செய்தி போயிற்றோ, மறுநாள் காலை காபிக்கு முன்னால் போன்.

"ஏண்டா தம்பி, அம்மா புடவையை வெட்டி யாருக்கோ அனுப்பப் போறீகளாமே? அந்தப் பொம்பளைக்குப் பேரு உண்டா, ஊரு உண்டா?"

"பேரு குலுக்கல்ல வந்ததுக்கா."

"குலுக்கல்லயா? லாட்டரிச் சீட்டையே 2003-ல நிறுத்திப்புட்டாக. நீங்க அம்மா புடவையை வச்சு ஆரம்பிக்கிறீகளோ?"

போனை மனைவி கையில் கொடுத்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டேன். (நாத்தனார் விவகாரத்தில் ஆண்பிள்ளை கடைப்பிடிக்க வேண்டிய அணிசேராக் கொள்கை.) மனைவி பதட்டப்படவில்லை. அக்காவுக்கு ஒரு கதை சொன்னாள்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு கிராமம். ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கிற இடம். அடிமைகளாகப் பருத்திக் காட்டில் வேலை பார்த்தவர்களின் சந்ததியார் வாழ்கிற ஊர். அங்கே மிசௌரி பெட்வே என்ற பெண்மணிக்குப் புருஷன் இறந்துவிட்டார். அவர் வயல் வேலைக்குப் போட்டுக்கொண்டு போன சட்டை, கால்சராய் எல்லாவற்றையும் அந்தம்மா எடுத்தாள். முழங்கால் வெளுத்தது, மண் கறை போகாதது, எல்லாம் சேர்த்து 1942-ல் ஒரு கில்ட் தைத்தாள். அவரை ஞாபகம் வைத்துக்கொள்ள, அதைப் போர்த்திக்கொண்டு தூங்க. கூடவே இருந்து உதவி செய்த மகள் அர்லோன்ஸியா பிற்காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். அந்த ஊர்ப் பெண்கள் தைத்த கில்ட்டுகளை 2002-ல் நியூயார்க் விட்னி மியூஸியத்தில், பெரிய ஓவியர்களின் படங்களை மாட்டுகிற சுவரில் மாட்டினார்கள். 2006-ல் அமெரிக்கத் தபால் இலாகா அவற்றை வைத்து ஸ்டாம்ப் போட்டது.

அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அந்தப் பொம்பளை தனக்குத் தச்சுக்கிட்டா. ஊருக்கா குடுத்தா?"

31 வருஷ கணக்கு டீச்சர் வாயடைத்துப் போய் நின்றதை அன்றுதான் பார்த்தேன். கேள்வி நியாயமான கேள்வி. ஞாபகம் வைத்துக்கொள்ளத் தைப்பது ஒன்று. ஞாபகத்தை வெட்டி முகம் தெரியாதவளுக்குப் பார்சல் பண்ணுவது வேறொன்று. அமெரிக்காவைக் காட்டி அக்காவை ஜெயிக்க முடியாது.

மூணு நாள் கத்திரிக்கோல் மேஜை மேல் சும்மாக் கிடந்தது. நாலாம் நாள் அக்காவே பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினாள். கண் டாக்டரைப் பார்க்க என்று காரணம். மதுரையில் இல்லாத கண் டாக்டரா! காலைப் பலகாரம் முடிந்ததும், "அந்தப் பொட்டியை இறக்குடா" என்றாள்.

புடவையை மடியில் வைத்துப் பிரித்தாள். மூணாவது மடிப்பில் அவள் கட்டைவிரல் துணிக்குள்ளேயே போயிற்று. கிழியக்கூட இல்லை, சும்மா வழிவிட்டது. அடுத்த மடிப்பிலும் அப்படியே. வருஷா வருஷம் வெயில் காட்டி, மடிப்பு மாற்றி வைத்ததெல்லாம் மடிப்பு இருந்த இடங்களைக் காப்பாற்றவில்லை. நடுநடுவே உள்ள இடங்கள் மட்டும் இன்னும் கெட்டியாக இருந்தன. புள்ளிகள் பளிச்சென்று இருந்தன.

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் புடவையிடம் பேசுகிற மாதிரி சொன்னாள்.

"தெருவுல யாருக்குப் பிள்ளை பொறந்தாலும் அம்மாட்டதான் பழஞ்சேலை கேட்டு வருவாக. பச்சப்பிள்ளைக்கு மொத மொத புதுத்துணி போடக்கூடாது, கட்டிப் பழகுன சேலைதான் மெத்துன்னு இருக்கும்னு. யாரு என்னன்னு அம்மா கேக்கவே கேக்காது. பொட்டியைத் திறந்து கையில வந்ததைக் குடுத்துரும். ஒரு தடவை நல்ல சேலையவே குடுத்துட்டு அப்பாட்ட வாங்கிக் கட்டிக்கிருச்சு."

மனைவி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவும்மா வேணும் உனக்கு?" என்றாள் அக்கா.

இங்கேதான் கணக்கு டீச்சர் மறுபடி உயிர்பெற்றாள். புடவை அகலம் 46 அங்குலம். மூணரை அங்குலக் கட்டம் குறுக்கே 13 வரும். மூணு வரிசை வெட்டினால் 39. வேண்டியது 32. மூணு வரிசைக்கு உயரம் பத்தரை அங்குலம். மடிப்பில் நைந்த இடங்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும்...

"ஒரு முழம் போதும் அண்ணி."

"ஒரு முழமா?" அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒரு முழத்துக்காடா நான் ரயிலேறி வந்தேன்?"

மல்லிப்பூ வாங்குகிற அளவு. அதற்கு நாலு நாள் சண்டை, மதுரை-சென்னை ரயில் சார்ஜ். முழுப் புடவையும் போகிறது என்று ரெண்டு தரப்பும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். உலகத்தில் பாதித் தகராறு எவ்வளவு என்று கேட்காமல் நடக்கிறது என்று எனக்கு ஒரு அபிப்பிராயம். ராகுகாலம் கழிந்து பத்தரை மணிக்கு முதல் வெட்டை அக்காவே போட்டாள். பிறகு முந்தானையை உருவித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். மிச்சத்தில் எங்கள் மகளுக்கு ஒரு பங்கு, கோயமுத்தூர் தம்பிக்கு ஒரு பங்கு என்று பாகப்பிரிவினையும் அன்றைக்கே நடந்தது. வக்கீல் செலவில்லாமல் முடிந்த ஒரே பாகப்பிரிவினை.

அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. மனைவி கல்யாணச் சீராக வந்த மிதி மிஷினில் கட்டங்களை இணைத்தாள். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு இஸ்திரி. பெட்டியைத் தேய்க்கக் கூடாது, தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். தேய்த்தால் சதுரம் சாய்சதுரம் ஆகிவிடும். ஒரு வரிசையின் தையல் மடிப்பை இடது பக்கமும் அடுத்ததை வலது பக்கமும் சாய்த்தால், சேர்க்கிறபோது ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்ந்துகொள்ளும். சம்பந்திகள் சமாதானம்.

நடு அடுக்குக்கு என் பழைய எட்டு முழ வேட்டி போயிற்று. அதற்கு யாரும் ரயிலேறி வந்து ஆட்சேபிக்கவில்லை. என்னைக் கேட்கவும் இல்லை.

கீழ்த்துணி, வேட்டி, மேல்துணி மூன்றையும் அடுக்கி, சித்திப் பெண்கள் மாதிரி ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி ஓட்டுத்தையல். வரிக்கு வரி அரை அங்குலம். மொத்தத் தையலின் நீளம் 96 அடி என்று கணக்கு வந்தது. அங்குலத்துக்கு 4 தையல் வீதம் 4,608 தையல். அக்கா ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கும் இலாகா. காடராக்ட் ஆபரேஷன் ஆன கண், 15 வருஷம் இளமை திரும்பியிருக்கிறது. கோத்துக் கொடுக்கிற வேகத்தைப் பார்த்து அக்கா ஒரு தடவை மெச்சினாள். 68 வயசில் அவளிடம் வாங்கின முதல் சர்ட்டிபிகேட்.

அக்காவின் தையல் கொஞ்சம் பெரிசு. அங்குலத்துக்கு மூணுதான் வரும். ராத்திரி அவள் தூங்கினதும் மனைவி அதைப் பிரித்துத் திரும்பப் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். பிரிக்கவில்லை.

"ரெண்டு பேர் தைச்சதுன்னு தெரியட்டுமே" என்றாள்.

பேசிக்கொண்டே தைத்தார்கள். தையலில் எதிரெதிரே உட்கார்ந்தால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டியதில்லை. அதனாலோ என்னவோ, 35 வருஷத்தில் பேசாததெல்லாம் அந்த 96 அடிக்குள் பேசிவிட்டார்கள். கல்யாணத்தில் யார் யாரை மரியாதை இல்லாமல் பேசினது என்பது உள்பட. அணிசேராக் கொள்கைப்படி நான் நூல் மட்டும் கோத்தேன்.

வெட்ட 4 மணி, இணைக்க 9, ஓட்டுத்தையலுக்கு 25, ஓரப்பட்டிக்கும் நாலு மூலைப் பூவுக்கும் 3. ஆகமொத்தம் 41 மணி நேரம். அதைத் துணியில் சுற்றி, காகிதத்தில் சுற்றி, மூணு பேருமாகப் போனோம் பார்சல் கொடுக்க.

கவுண்டரில் இருந்த பையன் எடை போட்டான். விலாசத்தைப் பார்த்தான், நாகர்கோவில் பக்கம். "உள்ளே என்ன?"

"துணி" என்றாள் மனைவி.

"புதுசா, பழசா?"

பதில் சொல்ல முடியாத கேள்வி. "ரெண்டும்" என்றாள்.

"வேல்யூ என்ன போடட்டும்? பழைய துணின்னா அம்பது ரூபா போட்டுடறேன்."

"அம்பது ரூபாயா!" பின்னாலிருந்து அக்கா. வரிசையில் நின்ற எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "தம்பி, அது என்னன்னு தெரியுமா உனக்கு? எங்கம்மா சேலைய்யா அது!"

ஊருக்கா கொடுப்பது என்று கேட்டவள் அவள்தான். இப்போது கொடுப்பதில் ஆட்சேபம் இல்லை, அம்பது ரூபாயில்தான் ஆட்சேபம். பையன் பயந்துபோய் ஐந்நூறு என்றான். அக்கா தலையசைக்கவில்லை. ஆயிரம் என்றான். அதற்கு மேல் போனால் இன்ஷூரன்ஸ் வாங்கணும், வேறு பாரம் என்றான். நானும் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். நூல்கண்டு 3, விலை தெரியும். 41 மணி நேரத்துக்குக் கூலி போடலாம். சுங்குடியில் யாரோ ஒரு பெண் எந்த வருஷமோ நகத்தால் போட்ட முடிச்சுகளுக்கு? ரவிக்கைத் துணி 32 கட்டங்களில் எத்தனை வீட்டு நவராத்திரி இருக்கிறது, அதற்கு? பாரத்தில் அந்தக் கட்டம் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"ஆயிரமே போடுங்க. வரிசை நிக்குது" என்று மனைவிதான் முடித்துவைத்தாள்.

பத்து நாளில் எங்களுக்கு வர வேண்டியது வந்தது. பிரித்துப் பார்த்தோம். ஒரு பக்கம் 23 அங்குலம், எதிர்ப்பக்கம் 24-க்குக் கொஞ்சம் மேலே. மூலைகள் எதுவும் சந்திக்கவில்லை. ஓரப்பட்டி அலையடித்தது. முதல் முதலாகத் தைக்கிற பெண் என்று கூடவே இருந்த சீட்டில் எழுதியிருந்தது, கல்லூரியில் படிக்கிறாளாம். கட்டங்களில் பாதி அவளுடைய பழைய ஸ்கூல் யூனிபாரம், ஒன்றில் பாக்கெட்கூட அப்படியே இருந்தது.

"41 மணி நேரம் தைச்சு அனுப்பிட்டு, இதையா வாங்கிக்கிட்டே?" என்றேன்.

மனைவி அந்தப் பாக்கெட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "நாலாவது சட்டம்" என்று ஞாபகப்படுத்தினாள். கண்ணாடியையும் மாத்திரைச் சீட்டையும் அதற்குள் வைக்க இடம் இருந்தது. இப்போது அது அவள் கட்டிலோரம் தொங்குகிறது. வீட்டில் நான் தேடாமல் கிடைக்கிற ஒரே பொருள் அந்த மாத்திரைதான்.

நாகர்கோவிலிலிருந்து செய்தி வரக் கொஞ்சம் தாமதமாயிற்று. ஏஞ்சல்களுக்குச் சொல்லலாமா என்று யோசித்த சமயம், வாட்ஸப்பில் குரல் வந்தது. வயசான குரல். "பார்சலைப் பிரிச்சதும் எங்க அம்மாதான் வந்துட்டாங்கன்னு நெனச்சேன். இதே அரக்கு, இதே புள்ளி. அவங்ககிட்ட ஒண்ணு இருந்துச்சு. இப்ப எங்க இருக்குன்னு தெரியல. இது எந்த ஊருப் பொடவை, யாரு கட்டினதுன்னு சொல்ல முடியுமா?"

மனைவி அதை அக்காவுக்கு அனுப்பினாள். அக்கா மதுரையிலிருந்து நேராக அந்த அம்மாளுக்கே போன் போட்டுவிட்டாள். ஒன்றரை மணி நேரம் பேசினார்களாம். இப்போது வாரத்துக்கு ரெண்டு தடவை பேசுகிறார்கள். தைப்பொங்கலுக்கு அக்கா நாகர்கோவில் போகப்போகிறாள்.

இப்போது எங்கள் பகுதியில் விஷயம் பரவிவிட்டது. வேண்டாத ரவிக்கைத் துணியை எல்லாரும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். கையிருப்பு 43-லிருந்து 112-க்குப் போய்விட்டது. அடுத்த கைமாற்றுக்குத் தயார். நவராத்திரியை இந்தத் தடவை மனைவி ரொம்ப ஆவலோடு எதிர்பார்க்கிறாள். ஒரே ஒரு தர்மசங்கடம்தான். தாம்பூலம் வாங்கின கையோடு, கொலு முன்னாலேயே ஓர் இழையை உருவிக் குத்துவிளக்கில் காட்டிப் பார்த்தால் நன்றாகவா இருக்கும்?